பழைய பதிப்புகளுக்கு எத்தனை காலம் ஆதரவு?
திறந்த மூலத் தரவு மென்பொருளின் பராமரிப்புச் சிக்கல்

பெங்களூர் மாநகரின் கிழக்குப் பகுதியில் உள்ள பிரேசர் டவுன், 1898-இல் அந்நகரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின்னர், மக்கள் நெரிசலைக் குறைக்கும் நோக்குடன் அமைக்கப்பெற்ற குடியிருப்புகளுள் ஒன்றாகும். 1910-இல் உருப்பெற்ற இப்பகுதிக்கு, மைசூரில் ஆங்கில அரசின் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் சூட்டப்பட்டது. பின்னாளில், சாளுக்கிய மன்னர் புலிகேசியின் நினைவாக இது புலிகேசி நகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2008 முதல் இவ்வட்டாரத்தின் சட்டமன்றத் தொகுதியும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும், 560005 என்னும் அஞ்சல் குறியீட்டைக் கொண்ட அஞ்சலகம் இன்றும் பிரேசர் டவுன் அஞ்சலகமே. மக்களும் இரு பெயர்களையும் வழங்கி வருகின்றனர்.

மனிதர்களுக்கு இதனால் தொல்லை ஏதும் இல்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஆட்டோ ஓட்டுநர் சரியான இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஆனால், அஞ்சல் துறையின் அட்டவணையையும் தொகுதி வாரியான அட்டவணையையும் இணைத்துக் கணக்கிடும் கணிப்பொறி, இவ்விரண்டும் ஒன்றே என்று யாரேனும் எழுதி வைத்தால் அன்றி அறியாது. பழைய பெயர் வழக்கில் இருக்கும்வரை, அதை அறிந்து நடத்தும் பொறுப்பும் நிரல் எழுதுபவருக்கு உண்டு. இவ்வாறு பழையதையும் புதியதையும் ஒருங்கே தாங்கி நிற்கும் பணி, தரவுகளை ஆராயும் மென்பொருளுக்கு உள்ளேயும் இடையறாது நடைபெறுகிறது. அது வெளியே தெரிவதில்லை. அதன் செலவும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. திறந்த மூல மென்பொருளை அரசு அலுவலகங்களும் கல்லூரிகளும் பெருமளவில் மேற்கொண்டுள்ள இக்காலத்தில், இச்சிக்கலை மாணவர்களும் அதிகாரிகளும் அறிந்திருப்பது இன்றியமையாததாகும்.

ஒன்றன்மேல் ஒன்றாக

எந்த மென்பொருளும் தனித்து நிற்பதில்லை. புள்ளிவிவரங்களை அட்டவணைகளாகக் கையாளப் பயன்படும் பாண்டாஸ் என்னும் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். வெஸ் மெக்கின்னி என்பவர் 2008-இல் தொடங்கிய இத்தொகுப்பு, எண்களின் பெரும் வரிசைகளைக் கணக்கிடும் நம்பை என்னும் தொகுப்பின்மீது கட்டப்பட்டுள்ளது. நம்பை, பைத்தான் என்னும் நிரல் மொழியின்மீது நிற்கிறது. பைத்தான், விண்டோஸ் அல்லது லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின்மீது நிற்கிறது. இயங்குதளமோ கணிப்பொறியின் செயலியைச் சார்ந்தது. இவ்வாறு ஒரு மென்பொருள் இயங்குவதற்குத் தேவையான பிற மென்பொருள்களைச் சார்பு மென்பொருள்கள் எனலாம்.

இந்த அடுக்கில் உள்ள ஒவ்வொன்றும் தனித்தனிக் குழுவினரால், தனித்தனிக் கால அட்டவணைப்படி திருத்தி வெளியிடப்படுகிறது. பைத்தான் மொழியின் புதிய பதிப்பு இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தில் வெளிவருகிறது. ஆர் என்னும் புள்ளியியல் மொழியும் ஆண்டுதோறும் புதிய பதிப்பைப் பெறுகிறது. கீழ்த்தளம் மாறும்போது மேல்தளம் அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும். அதே வேளையில், கீழ்த்தளத்தை இன்னும் மாற்றாத பயனாளிகளும் இருப்பர். அவர்களுக்காகப் பழைய பதிப்பின்மீதும் மென்பொருள் இயங்க வேண்டுமா, இயங்க வேண்டுமெனில் எத்தனை காலம் என்பதே கேள்வி.

ஒரே நிரல், இரு விடைகள்

பதிப்பு மாற்றத்தை வெறும் வசதிப் பெருக்கமாக எண்ணிவிடலாகாது. சில சமயங்களில் விடையே மாறிவிடுகிறது. இரண்டு வீடுகளில் ஏழு பேர் வசிப்பதாகக் கொண்டு, ஏழை இரண்டால் வகுக்குமாறு பைத்தான் 2-க்குக் கட்டளையிட்டால் 3 என்று விடை வரும். அதே கட்டளைக்குப் பைத்தான் 3 தரும் விடை 3.5 ஆகும். முதலாவது முழு எண்ணை மட்டும் தந்து மீதியை விட்டுவிடுகிறது. எந்த எச்சரிக்கையும் திரையில் தோன்றுவதில்லை. ஒரு மாவட்டத்தின் சராசரிகளைக் கணக்கிடும் நிரலில் இத்தகைய வேறுபாடு புகுந்தால், பிழை அறிக்கையில் அச்சேறிய பின்னரும் புலப்படாமல் போகலாம்.

தமிழ் எழுத்துகளைக் கையாள்வதிலும் இவ்வேறுபாடு உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள் தெரிகின்றன. யூனிகோட் முறையில் இச்சொல் ஐந்து குறியீடுகளால் ஆனது. யு.டி.எஃப்.-8 வடிவில் சேமிக்கும்போது, குறியீட்டுக்கு மூன்று பைட்டுகளாக அது 15 பைட்டுகளைப் பெறுகிறது. பைத்தான் 2-இன் சாதாரணச் சரம், இச்சொல்லின் நீளம் 15 என்று கூறும். பைத்தான் 3, 5 என்று கூறும். சரங்களை இயல்பாகவே யூனிகோட் முறையில் கொள்வது பைத்தான் 3 கொண்டுவந்த பெரிய மாற்றங்களுள் ஒன்று. ஊர்ப் பெயர்களையும் பயனாளிகளின் பெயர்களையும் இந்திய மொழிகளில் சேமிக்கும் அலுவலகங்களுக்கு இது உண்மையான நன்மையாகும்.

ஆர் மொழியிலும் ஒப்பான நிகழ்ச்சி உண்டு. 2020 ஏப்ரலில் வெளிவந்த 4.0.0 பதிப்புக்கு முன்னர், அட்டவணையில் உள்ள சொற்களை அம்மொழி தானாகவே வகைகளின் பட்டியலாக மாற்றிக்கொள்ளும். அப்பட்டியலில் 'பிரேசர் டவுன்' இருந்து 'புலிகேசி நகர்' இல்லையெனில், பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரை எழுத முற்படும்போது, ஓர் எச்சரிக்கையை விடுத்துவிட்டு அந்தக் கட்டத்தை மதிப்பற்றதாக்கிவிடும். 4.0.0 முதல் சொற்கள் சொற்களாகவே வைக்கப்படுகின்றன. பெயர் மாற்றம் தடையின்றி நிகழ்கிறது. பழைய போக்கை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் புதிய பதிப்பிலும், புதிய போக்கை நம்பி எழுதப்பட்டவை பழைய பதிப்பிலும் தவறக்கூடும். இரண்டிலும் சரியாக இயங்க வேண்டும் என்றால், நிரல் எழுதுபவர் இரண்டையும் மனத்திற்கொண்டு எழுத வேண்டும். இரண்டிலும் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

பராமரிப்பாளர் சுமக்கும் பாரம்

சோதனைப் பணி எவ்வளவு விரைவில் பெருகும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஒரு தரவுத் தொகுப்பு பைத்தானின் நான்கு பதிப்புகளையும், நம்பையின் மூன்று பதிப்புகளையும், மூன்று இயங்குதளங்களையும் ஆதரிப்பதாகக் கொள்வோம். மொத்தச் சேர்க்கைகள் 36. பைத்தானிலும் நம்பையிலும் தலைக்கு ஒரு பழைய பதிப்பைக் கூடுதலாக ஆதரித்தால், இந்த எண்ணிக்கை 60 ஆக உயர்கிறது. ஒவ்வொரு திருத்தத்தையும் இத்தனை சேர்க்கைகளிலும் சோதிப்பது அரிதாதலால், சிலவற்றை மட்டும் தேர்ந்து சோதிக்கின்றனர். எஞ்சியவற்றில் ஏற்படும் பழுதைப் பயனாளியே முதலில் காண்கிறார்.

இந்தியாவில் தோன்றிய மயாவி என்னும் மென்பொருளின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். அறிவியல் தரவுகளை முப்பரிமாணப் படங்களாகக் காட்டும் இதனை, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த பிரபு ராமச்சந்திரன் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். பின்னர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் விண்ணூர்திப் பொறியியல் பேராசிரியரான அவருடன் பிற நாட்டவரும் சேர்ந்து இதை வளர்த்தனர். மயாவி, வி.டி.கே. என்னும் வரைகலைத் தொகுப்பைச் சார்ந்தது. 2013-இல் வெளிவந்த வி.டி.கே. 6-ஆம் பதிப்பில், தரவை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் முறையே மாற்றப்பட்டது. பழைய முறையில் எழுதப்பட்ட கட்டளைகள் புதிய பதிப்பில் செல்லாதனவாயின.

எல்லாப் பயனாளிகளும் உடனே 6-ஆம் பதிப்புக்கு மாறிவிடவில்லை. எனவே, நிறுவப்பட்டுள்ள வி.டி.கே. பழைய முறையைச் சேர்ந்ததா என்று முதலில் கேட்டறியும் ஒரு சிறு செயற்கூறு மயாவியில் எழுதப்பட்டது. ஆம் எனில் ஒரு வழி, இல்லை எனில் மற்றொரு வழி. தரவை உள்ளே செலுத்தும் இடந்தோறும் இக்கேள்வியைக் கேட்டே நிரல் நகர வேண்டியதாயிற்று. இதனால் பழைய கணிப்பொறிகளை வைத்திருந்தோர் பயன் பெற்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரே வேலைக்கு இரு வழிகளைப் பேணும் சுமை, கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் இப்பணியைச் செய்த சிலர்மீது விழுந்தது. திறந்த மூல மென்பொருள்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுவே. பயன்படுத்துவோர் பலர், பராமரிப்போர் மிகச் சிலர். பழையதைக் காப்பதற்குச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும், பிழை திருத்தத்துக்கோ புதிய வசதிக்கோ கிடைக்காமல் போகும் நேரமாகும்.

பழையதை விட இயலாதோர்

இவ்வாறிருக்க, பழைய பதிப்புகளை உடனுக்குடன் கைவிட்டுவிடலாமே என்று கேட்கலாம். அவ்வாறு செய்தால் யார் வெளியே தள்ளப்படுகிறார் என்பதைக் கருத வேண்டும்.

விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிவுற்றது. அதில் இயங்கும் கடைசிப் பைத்தான் பதிப்பு 3.8 ஆகும். 2020 அக்டோபரில் வெளிவந்த 3.9 அதில் இயங்காது. ஆகவே, விண்டோஸ் 7 உள்ள கணிப்பொறியில் பயிலும் மாணவருக்கு, பைத்தான் 3.8-ஐ ஒரு தரவுத் தொகுப்பு கைவிடும் நாளே அத்தொகுப்பின் புதிய பதிப்புகள் எட்டாமற் போகும் நாளாகிறது. இயந்திர வழிக் கற்றலுக்குப் பயன்படும் டென்சர்ஃப்ளோ தொகுப்பின் ஆயத்த வடிவங்கள், 2018-இல் வந்த 1.6 பதிப்பு முதல், ஏ.வி.எக்ஸ். என்னும் கட்டளைத் தொகுதி உடைய செயலிகளில் மட்டுமே இயங்குகின்றன. இன்டெல் நிறுவனத்தின் செயலிகளில் இவ்வசதி 2011-இல்தான் இடம்பெறலாயிற்று. அதற்கு முற்பட்ட கணிப்பொறிகளுக்கு இந்த ஆயத்த வடிவங்கள் பயன்படா.

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், கணிப்பொறியையே கண்டிராத பல குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதனை அளித்தது. 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இடம்பெற்றதன் மூலம், சிற்றூர்ப் பள்ளி மாணவரும் அம்மொழியைக் கற்கும் வாய்ப்பு உண்டாயிற்று. இத்தகைய மாணவரிடம் இருப்பது அண்ணன் அல்லது அக்காள் பயன்படுத்திய மடிக்கணினியாக இருக்கலாம். கல்லூரி ஆய்வகங்களிலும் ஒருமுறை வாங்கிய கணிப்பொறிகள் நெடுங்காலம் உழைக்கின்றன. புதிய கருவி வாங்க ஒப்பந்தப்புள்ளி, நிதி ஒதுக்கீடு, ஒப்புதல் என்னும் படிகள் உண்டு. பழைய பதிப்பில் தங்கியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் அன்று. வசதிக் குறைவே ஆகும்.

பைத்தான் 2 கற்பித்த பாடம்

இவ்விரு நியாயங்களுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தைப் பைத்தான் 2-இன் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். பைத்தான் 3, 2008 டிசம்பரில் வெளிவந்தது. பழைய நிரல்கள் அதில் அப்படியே இயங்கா எனினும், சில ஆண்டுகளில் யாவரும் மாறிவிடுவர் என்று எதிர்பார்க்கப்பட்டது. 2010-இல் வந்த 2.7 பதிப்புக்கு 2015 வரை ஆதரவு என்று முதலில் கூறினர். பெரும்பாலோர் மாறவில்லை. 2014-இல் அக்கெடு 2020 வரை நீட்டிக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் தரவுத் தொகுப்புகள் அனைத்தும் இரு மொழிகளிலும் இயங்குமாறு எழுதப்பட வேண்டியிருந்தது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் 2009-இல் இந்தியாவின் முதல் பைத்தான் மாநாடு நடைபெற்றபோது பைத்தான் 3 வெளிவந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அந்நாளில் அம்மொழியைக் கற்கத் தொடங்கிய ஒருவர், பத்தாண்டுகளுக்கு மேலாக இரு பதிப்புகளின் நடுவே வாழ நேர்ந்தது.

இறுதியில், தனித்தனியே முடிவெடுப்பதைக் கைவிட்டு, பல தொகுப்புகளின் பராமரிப்பாளர்கள் ஒன்றுகூடி, 2020-க்குள் பைத்தான் 2-ஐ விட்டுவிடுவதாக வெளிப்படையாக உறுதி கூறினர். 2019 ஜனவரியில் வெளிவந்த நம்பை 1.16, பைத்தான் 2.7-இல் இயங்கும் கடைசிப் பதிப்பாயிற்று. அவ்வாண்டு இறுதி வரை அதன் பிழைகள் மட்டும் திருத்தப்படும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. பாண்டாஸ் தொகுப்பும் 2019-இல் பைத்தான் 2-ஐ விட்டது. 2020 ஜனவரி 1 உடன் பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது.

ஆதரவை நிறுத்துவது என்பது பழையதை அழிப்பது அன்று என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பழைய பதிப்புகள் யாவும் களஞ்சியத்தில் அப்படியே உள்ளன. ஒவ்வொரு பதிப்பும் தனக்குத் தேவையான பைத்தான் எது என்பதைக் குறித்து வைக்கும் முறையும், 2016 இறுதி முதல் பைத்தானின் நிறுவு கருவியில் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பைத்தான் உள்ள கணிப்பொறிக்கு, அதில் இயங்கக்கூடிய கடைசிப் பதிப்பைக் கருவியே தேர்ந்து தருகிறது. மாணவர் கற்பது தடைப்படுவதில்லை. புதிய வசதிகளும் பாதுகாப்புத் திருத்தங்களும் மட்டுமே அவருக்குக் கிடைப்பதில்லை.

முன்கூட்டி அறிவித்த கால வரம்பு

இந்த அனுபவத்தின் விளைவாக, 2019-இல் நம்பை குழுவினர் ஒரு பொது விதியை வகுத்தனர். கடந்த 42 மாதங்களில் வெளியான பைத்தான் பதிப்புகளையும், கடந்த 24 மாதங்களில் வெளியான நம்பை பதிப்புகளையும் ஆதரித்தால் போதும் என்பது அதன் சாரம். பின்னர் அறிவியல் பைத்தான் தொகுப்புகள் பலவும் சேர்ந்து இதனை மேலும் எளிமையாக்கின. ஒரு பைத்தான் பதிப்பை அது வெளிவந்து மூன்று ஆண்டுகள் கழித்தும், மையத் தொகுப்புகளின் பதிப்பை இரண்டு ஆண்டுகள் கழித்தும் விட்டுவிடலாம் என்பது புதிய பரிந்துரை.

எல்லாக் குழுவினரும் இதே அளவைக் கொள்ளவில்லை. பைத்தான் மொழியைப் பேணுவோர் ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு தருகின்றனர். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளும் அவ்வாறே ஐந்து ஆண்டுகளை மேற்கொண்டுள்ளது. ஆர் மொழியில் பெரிதும் வழங்கும் டைடிவெர்ஸ் தொகுப்புகள், நடப்புப் பதிப்போடு அதற்கு முந்தைய நான்கு பதிப்புகளையும் ஆதரிக்கின்றன. இதுவும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாகிறது. மூன்று ஆண்டு என்னும் வரம்பு நம் நாட்டுக் கல்லூரிகளின் நிலைக்குச் சற்றுக் குறுகியதே என்று வாதிடலாம். ஆயினும், வரம்பின் நீளத்தைவிட, அது முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருப்பதே முக்கியமானது. எந்த நாளில் எது கைவிடப்படும் என்பது தெரிந்தால், அலுவலகமும் கல்லூரியும் தம் நிதியாண்டைத் திட்டமிட இயலும். அறிவிப்பின்றிக் கைவிடுவது பயனாளிக்குத் தீங்கு. வரம்பின்றித் தாங்குவது பராமரிப்பாளருக்குத் தீங்கு.

இந்த வரம்பைக் கடந்தும் பழைய பதிப்பு தேவைப்படுவோருக்கு வழியே இல்லை என்று கூற முடியாது. 2014-இல் வெளிவந்த ரெட்ஹாட் லினக்ஸ் 7-ஆம் பதிப்பில் இடம்பெற்ற பைத்தான் 2.7-ஐ, அந்நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்காக 2024 ஜூன் வரை பேணியது. தன்னார்வலர்கள் நிறுத்திய பின்னரும் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அப்பணி நடைபெற்றது. அதற்கான ஊதியத்தைக் கொடுத்தவர்கள், அதன் தேவை உடையவர்களே. செலவு எங்கே சேர வேண்டுமோ அங்கே சேர்ந்தது எனலாம்.

பாதுகாப்பு என்னும் கேள்வி

கால வரம்பைப் பற்றி அலட்சியமாக இருத்தல் எத்தகைய இடர்ப்பாட்டில் கொண்டு விடும் என்பதை 2021 டிசம்பரில் உலகம் கண்டது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்களில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யப் பயன்படும் லாக்4ஜே என்னும் சிறு தொகுப்பில், வெளியாள் எவரும் தொலைவிலிருந்தே கணிப்பொறியைக் கைப்பற்ற இடம் தரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் உட்பட, பல நாடுகளின் அமைப்புகள் எச்சரிக்கை விடுத்தன.

அத்தொகுப்பைப் பேணியவர்கள் அப்பாச்சி அறக்கட்டளையின்கீழ் பணியாற்றிய சில தன்னார்வலர்கள். அவர்கள் ஜாவா 8-க்கு மட்டுமன்றி, ஜாவா 7-க்கும், 2006-இல் வெளிவந்த ஜாவா 6-க்கும்கூட, தனித்தனித் திருத்தப் பதிப்புகளை அதே மாதத்தில் வெளியிட்டனர். பதினைந்து ஆண்டுகள் பழமையான அடித்தளத்தை இன்னமும் நம்பியிருந்தோர் உலகில் இருந்தமையே இதற்குக் காரணம். அக்குழுவினரின் பொறுப்புணர்வு போற்றத்தக்கது. ஆனால், ஒவ்வொரு முறையும் இத்தகைய உதவி கிடைக்கும் என்று கருதி அமைதியாக இருப்பது நிர்வாகத்துக்கு அழகன்று. லாக்4ஜேயின் முதல் வரிசைப் பதிப்புகளுக்கான ஆதரவு 2015-இலேயே முடிந்துவிட்டது என்பதை அப்போதுதான் அறிந்த அலுவலகங்களும் உண்டு.

மேலும், தம் கணிப்பொறிகளில் லாக்4ஜே உள்ளதா, எந்தப் பதிப்பு உள்ளது என்பதைக் கண்டறிவதே பல நிறுவனங்களுக்கு நாட்கணக்கில் நீடித்த வேலையாயிற்று. அது நேரடியாக நிறுவப்பட்டதன்று; வேறொரு மென்பொருளுக்குள், அதன் சார்பின் சார்பாக ஒளிந்திருந்தது.

அலுவலகங்கள் செய்யத்தக்கவை

மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட கொள்கை, அரசின் மின்னாளுகைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கிறது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயங்குதளம் 2007 முதல் வழங்கி வருகிறது. கல்வி அமைச்சகத்தின் நிதியுதவியுடன் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெறும் ஃபாசி திட்டம், கல்லூரிகளில் இத்தகைய மென்பொருள்களைப் பரப்பி வருகிறது. உரிமக் கட்டணம் இல்லை என்பது இம்மென்பொருள்களின் சிறப்பு. ஆனால், கட்டணம் இல்லை என்பதைச் செலவே இல்லை என்று பொருள்கொண்டுவிட்டால், நிறுவும் நாளன்றே பராமரிப்பு மறக்கப்படுகிறது. அரசு கட்டிய பாலத்துக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு நிதி உண்டு. மென்பொருளுக்கும் அது வேண்டும்.

இதற்கென அலுவலகங்கள் மேற்கொள்ளக்கூடிய நடைமுறைகள் கடினமானவை அல்ல. முதலாவதாக, எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு, அது சார்ந்துள்ளவை யாவை என்னும் பட்டியலை எழுதி வைத்தல் வேண்டும். செர்ட்-இன் அமைப்பு 2024-இல் வெளியிட்ட மென்பொருள் உட்கூறுப் பட்டியல் குறித்த வழிகாட்டுதல்கள் இதனையே வற்புறுத்துகின்றன. இரண்டாவதாக, ஒவ்வொரு சார்பு மென்பொருளின் ஆதரவும் முடியும் நாளை அப்பட்டியலில் குறித்து, அதற்கு முந்திய நிதியாண்டிலேயே மாற்றத்துக்கு நிதி கோர வேண்டும். மூன்றாவதாக, புதிய பதிப்புக்கு மாறும் முன், கடந்த ஆண்டின் தரவுகளைப் புதிய பதிப்பில் மீண்டும் கணக்கிட்டு, வெளியிடப்பட்ட எண்களே வருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேலே கண்ட 3-க்கும் 3.5-க்கும் உள்ள வேறுபாடு அங்கே வெளிப்பட்டுவிடும்.

நான்காவதாக, ஆய்வு முடிவுகளைப் பிற்காலத்தில் சரிபார்க்க வேண்டியிருந்தால், அன்று பயன்பட்ட பதிப்புகள் அனைத்தையும் ஒரே கட்டாகக் காப்பகத்தில் வைத்து, வலையமைப்போடு தொடர்பற்ற கணிப்பொறியில் மட்டும் இயக்கலாம். பழையதைக் காப்பகத்தில் வைப்பதும், அன்றாடப் பணியில் அதையே நம்பியிருப்பதும் வேறு வேறு என்பது உணரப்பட வேண்டும். ஐந்தாவதாக, கால வரம்பைக் கடந்து பழைய பதிப்பே தேவைப்படும் துறை, அத்திருத்தப் பணிக்கான ஆளையோ பொருளையோ தானே அளிக்க முன்வர வேண்டும். ஒரு துறை எழுதும் திருத்தம் திறந்த மூலத்தில் சேருமாயின், அதே நிலையில் உள்ள பிற துறைகளும் பிற நாட்டவரும் பயன்பெறுவர்.

மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய கணிப்பொறி ஒன்றில் ஒரு தொகுப்பு இயங்குகிறதா என்று சோதித்து, பழுதைத் தெளிவாக எழுதி அனுப்புதல் மென்பொருள் பணியின் சிறந்த தொடக்கப் பயிற்சியாகும். பராமரிப்பாளரிடம் புதிய கணிப்பொறி மட்டுமே இருக்கும் நிலையில், மாணவரின் பழைய கணிப்பொறியே அரிய சோதனைக் கருவியாகிவிடுகிறது.

பழைய பதிப்புகளை ஆதரிப்பது என்பது தொழில்நுட்பத் தீர்மானம் மட்டும் அன்று. யாருடைய உழைப்பில் யாருடைய வசதி காக்கப்படுகிறது என்னும் பங்கீட்டுக் கேள்வியும் அதில் அடங்கியுள்ளது. அறிவிக்கப்பட்ட கால வரம்பும், அதற்குள் மாறுவதற்கான நிதியும், மாற இயலாதோருக்குக் கைகொடுக்கும் ஏற்பாடும் ஒருங்கே அமையுமானால், சிற்றூர் மாணவரும் கைவிடப்படமாட்டார். சில தன்னார்வலர்களின் தோள்மீது அனைவரது பாரமும் ஏற்றப்படமாட்டாது. இதற்கான முதற்படியாக, ஒவ்வோர் அலுவலகமும் தன் கணிப்பொறிகளில் உள்ள பதிப்புகளின் பட்டியலை இந்நிதியாண்டிலேயே தயாரித்துக்கொள்வது நலம்.